ஒருவர்க்குப் பன்மை: ஆங்கில எழுவாயும் வினையும் இயைந்த வரலாறு

தொடரில் வரும் எழுவாய்க்கு ஏற்ற வினைமுற்றே அதற்குப் பயனிலையாக அமைதல் வேண்டும் என்னும் நெறி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், உயர்திணை அஃறிணை என்னும் பகுப்பைக் கூறிய சிறிது நேரத்திலேயே வினையின் ஈற்றில் நின்று பால் காட்டும் எழுத்துகளை எண்ணத் தொடங்கிவிடுகிறது. வினை காட்டும் பாலும் பெயர் காட்டும் பாலும் தம்முள் மயங்கலாகாது என்று விதிக்கிறது. பின்வந்த நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுத்தார். அவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் எழுவாயும் வினையும் பொருந்தாமையால் நேர்வனவே. 'வந்தான்' என்ற ஒரு சொல்லைக் கேட்ட அளவில் வந்தவன் ஒருவன், ஆண்மகன், படர்க்கையான் என மூன்று செய்திகளை உணரும் பழக்கம் நமக்குப் பல நூற்றாண்டாக உண்டு.

இப்பழக்கத்தோடு ஆங்கில வகுப்பறைக்குள் நுழையும் தமிழ்ப்பிள்ளை முதலில் காண்பது ஒரு வெறுமை. 'ஐ கோ', 'யூ கோ', 'வீ கோ', 'தே கோ' என்று வினை அசையாமல் நிற்கிறது. நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் மட்டும் 'ஹீ கோஸ்' என ஓர் 'எஸ்' வந்து ஒட்டிக்கொள்கிறது. இறந்தகாலத்தில் அதுவும் இல்லை. 'கேன்', 'மஸ்ட்' முதலிய துணைவினைகள் எந்த எழுவாய்க்கும் இசைந்து மாறுவதில்லை. 'பீ' என்னும் வினை ஒன்றே பழைய செல்வத்தில் சிறிது மிச்சம் வைத்திருப்பதுபோல் 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' என வடிவம் மாறுகிறது. மிகச் சிறிய இவ்விதியில்தான் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாணவர் மதிப்பெண் இழக்கின்றனர். 'ஹீ கோ' என்று சொன்னவரைக் கல்வி குறைந்தவர் என்று பிறர் கணித்துவிடுகின்றனர். ஒரே ஓர் ஒலிக்கு இத்துணை அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று வினவினால், விடை இலக்கண நூல்களில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஆல்பிரட் மன்னர் காலத்தில், இங்கிலாந்தின் தென்மேற்கில் எழுதப்பட்ட ஆங்கிலம் இவ்வளவு வறியதாக இருக்கவில்லை. 'அன்பு செய்' என்னும் பொருளுடைய வினை அன்று தன்மை ஒருமையில் 'லுவியெ' எனவும், முன்னிலை ஒருமையில் 'லுவஸ்ட்' எனவும், படர்க்கை ஒருமையில் 'லுவத்' எனவும், பன்மையில் மூவிடத்திற்கும் பொதுவாக 'லுவியத்' எனவும் நின்றது. பன்மையில் இடவேறுபாடு அப்பொழுதே மறைந்துவிட்டது என்பது கருதத்தக்கது. வினையின் ஈறு காட்டாததை எழுவாயாகிய பெயர் காட்டியது. ஆங்கிலச் சொற்களில் அழுத்தம் முன்னே விழும். ஈற்றுயிர்கள் ஓசை குன்றி ஒன்றுபோல் ஒலிக்கும். இதனோடு வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய ஸ்கண்டிநேவியரின் மொழியும் கலந்தது. வேர்ச்சொற்கள் ஒத்து ஈறுகள் வேறுபட்ட இரு மொழியினர் சந்தையிலும் திருமண உறவிலும் கூடும்போது, முதலில் கைவிடப்படுவன ஈறுகளே.

இன்றைய 'எஸ்' அந்த வடக்கிலிருந்து வந்தது. பத்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆல்ட்ரட் என்னும் பாதிரியார், லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கு இடையே வட்டார ஆங்கிலத்தில் சொற்பொருள் எழுதினார். அவ்வெழுத்தில் 'த்' ஈறும் 'ஸ்' ஈறும் மாறிமாறி வருகின்றன. அடுத்த நான்கு நூற்றாண்டுகளில் நிகழ்காலப் பன்மைக்கு வடக்கு 'ஸ்' ஈற்றையும், நடுநாடு 'என்' ஈற்றையும், தெற்கு 'எத்' ஈற்றையும் வழங்கின. அக்காலத்தில் இம்மூன்றனுள் எதையும் பிழை என்று சொல்ல எவரும் இல்லை. வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் ஒரு தனி நெறியே நிலவியது. எழுவாயாகிய பதிலிப்பெயர் வினைக்கு அருகில் நின்றால் வினை வெற்றுருவாக வரும். பெயர்ச்சொல் எழுவாயாகவோ இடையில் வேறு சொல் புகுந்தோ வந்தால், பன்மையாயினும் வினை 'எஸ்' பெறும். இன்றைய பள்ளி இலக்கணம் இதைப் பிழை எனும். ஆனால் அது தனக்கென ஒழுங்குடைய விதி. இன்றைய விதியைவிட நுண்ணியது என்றுகூடச் சொல்லலாம்.

லண்டன் வளர வளர எல்லா வட்டாரத்தாரும் அங்கே வந்து குழுமினர். 1476-ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். வடக்கின் 'எஸ்' தலைநகரின் பேச்சில் மெல்லப் புகுந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் 'எத்', 'எஸ்' இரண்டும் உள்ளன. 1611-இல் வெளிவந்த அரசாணை விவிலியம் 'எத்' ஈற்றையே பற்றி நின்றது. வாசிப்போர் அதைச் சமயத்திற்குரிய பழமையாகக் கேட்டனர். 1643-இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்னும் பள்ளியாசிரியர், எழுத்தில் 'எத்' என்றிருப்பினும் மக்கள் வாயில் 'எஸ்' என்றே வருவதைத் தம் எழுத்திலக்கண நூலில் குறித்திருக்கிறார். எழுதுவது ஒன்று, படிப்பது வேறொன்று என்ற நிலை தமிழாசிரியர்க்கு வியப்பளிக்காது.

இங்கே ஒரு நகரத்தைத் தனியே குறிப்பிட விரும்புகிறோம். கிழக்கு இங்கிலாந்தின் நார்விச் நகரம் 1565-இல் நெசவுத் தொழிலை மீட்கும் பொருட்டுத் தாழ்நாடுகளிலிருந்து முப்பது குடும்பங்களை அழைத்துக் குடியமர்த்தியது. சமயப் போரால் துன்புற்ற மேலும் பலர் பின்தொடர்ந்தனர். சில ஆண்டுகளில் நகர மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் டச்சும் பிரெஞ்சும் பேசியவர்களாயினர். அந்த வட்டாரத்தின் பேச்சில் இன்றளவும் 'ஹீ கோ', 'ஷீ சே' என்று படர்க்கை ஒருமை வினை ஈறின்றியே வழங்குகிறது. வடக்கின் 'எஸ்' ஈறும் தெற்கின் 'எத்' ஈறும் போட்டியிட்டுக்கொண்டிருந்த காலத்தில், மூன்றாவதாக, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த அயலாரின் ஈறற்ற வடிவமும் சேர்ந்து, அதுவே வென்றது என்று மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் விளக்கம் தந்தார். ஐயமறத் தீர்ந்த முடிவென்று இதைக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் பல மொழியினர் கூடிப் பிழைக்கும் வணிக நகரில் வினையீறு உதிர்வது இயல்பு என்பதைத் துறைமுக நகரங்களில் வாழும் நாம் எளிதில் ஏற்கலாம். நம் பிள்ளைகள் பிழையென அடிபட்டுக் கற்கும் 'ஹீ கோ', ஆங்கிலேயரின் சொந்த மண்ணிலேயே நூற்றாண்டுகளாக வழங்கும் தாய்மொழி வடிவம்.

வினையீறுகள் தேய்ந்ததற்கு ஒலிமாற்றம் ஒரு காரணம். மற்றொரு காரணம் மரியாதை. அதில்தான் தமிழர் நன்கறிந்த சிக்கல் ஒன்று ஆங்கிலேயரைச் சிறை வரைக்கும் கொண்டு சென்றது.

பழைய ஆங்கிலத்தில் ஒருவரை விளிக்க 'தௌ', பலரை விளிக்க 'யீ', 'யூ' என்ற வேறுபாடு தெளிவாக இருந்தது. 'தௌ' வந்தால் வினை 'எஸ்ட்' ஈறு பெறும். நார்மானியர் ஆட்சிக்குப் பின் பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி, மதிக்கத்தக்க ஒருவரைப் பன்மையால் விளிக்கும் வழக்கம் உயர்குடியினரிடையே பரவியது. ஒருவர்க்கே பன்மைப் பெயர். பெயர் பன்மையானதால் வினையும் பன்மை. மேலோர் கீழோரைத் 'தௌ' என்றனர். கீழோர் மேலோரை 'யூ' என்றனர். 1603-இல் வால்ட்டர் ராலே இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு நின்றபோது, அரசுத் தரப்பு வழக்குரைஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று விளித்து இழிவுபடுத்தினார். நீதிமன்றத்தில் கேட்டவர்க்கு அவ்வொரு சொல் கன்னத்தில் அறைந்தது போன்றிருந்திருக்கும். நம் ஊர்களில் பெரியவர் ஒருவரை 'நீ' என்று விளித்துப் பார்த்தால் இதன் சூடு விளங்கும்.

தொல்காப்பியர் இச்சிக்கலை எதிர்கொண்டு தந்த தீர்ப்பு நயமானது. ஒருவரைப் பன்மையாற் கூறுதலும் ஒன்றனைப் பன்மையாற் கூறுதலும் வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல் என்று அவர் ஏற்றுக்கொண்டார். ஆயின் இலக்கணத்தின் வழியில் அது நேரிய சொல்லாறு அன்று என்றும் உடனே எழுதிவைத்தார். பிற்கால இலக்கணிகள் இத்தகையவற்றை வழுவமைதி என்றனர். வழு, வழாநிலை என்ற இரண்டோடு நில்லாமல், வழுவாயினும் காரணம்பற்றி அமைத்துக்கொள்ளத்தக்கது என்ற மூன்றாவது இடத்தைத் தமிழிலக்கணம் வைத்தது. ஐரோப்பிய இலக்கணிகளிடம் இத்தகைய இடம் ஒன்று இருந்திருந்தால் சில சண்டைகள் மிச்சமாகியிருக்கும் என்பது எம் எண்ணம்.

பதினேழாம் நூற்றாண்டின் இடையில் தோன்றிய குவேக்கர் சமயத்தார் அச்சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர். கடவுள் முன் அனைவரும் ஒருநிகர் என நம்பிய அவர்கள், எவர்க்கும் தொப்பி கழற்ற மறுத்தனர். எவரையும் 'யூ' என்று சொல்ல மறுத்தனர். நீதிபதியும் நிலக்கிழாரும் அவர்க்குத் 'தௌ' தான். 1660-இல் ஜார்ஜ் ஃபாக்ஸ், ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் பர்லி ஆகிய மூவரும் கூடி, ஆசிரியர்களும் அறிஞர்களும் ஒருமை பன்மை கற்றுக்கொள்வதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டனர். குழந்தைகள் எழுத்துக் கற்கும் கைப்பலகையின் பெயரை அதற்கு இட்டது குறும்பு நிறைந்த ஏளனம். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் உள்ளிட்ட பல மொழிகளைச் சான்று காட்டி, ஒருவரைப் பன்மையால் விளித்தல் இலக்கணப் பிழை மட்டுமன்று, பொய்யும் ஆகும் என்று அவர்கள் வாதிட்டனர். இலக்கண நூல் ஒன்று சமூகச் சமத்துவத்திற்குப் படைக்கலமானது. இதற்காக அவர்கள் அடியுண்டனர், இகழப்பட்டனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் பென்னின் தந்தை கடற்படைத் தலைவர். யாரை வேண்டுமானாலும் ஒருமையில் விளித்துக்கொள், ஆனால் மன்னரையும் அவர் தம்பியையும் என்னையும் விட்டுவிடு என்று அவர் மகனிடம் இறங்கிப் பேசியதாகக் கூறுவர்.

அவர்கள் தோற்றனர். இழிவு என்று எவரும் கருதிவிடலாகாது என்னும் அச்சத்தால் மக்கள் எல்லாரையும் 'யூ' என்றே விளிக்கத் தலைப்பட்டனர். 'தௌ' வீட்டு மூலைக்கும் வட்டாரப் பேச்சுக்கும் இறைவேண்டலுக்கும் ஒதுங்கியது. அதனோடு 'எஸ்ட்' ஈறும் மறைந்தது. குவேக்கர்களின் வழித்தோன்றல்களே, சிறப்பாக அமெரிக்காவில், எழுவாய் இடத்தில் 'தௌ' என்பதற்கு மாறாகத் 'தீ' என்பதை வைத்து, அதற்குப் படர்க்கை வினையைச் சேர்த்துத் 'தீ இஸ்' என்று பேசலாயினர். இலக்கணத்தின் பெயரால் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இலக்கணிகள் ஒருவரும் ஒப்பாத வடிவத்தில் நிலைத்தனர். இதில் நகைக்க ஒன்றுமில்லை. பேச்சு தன் போக்கில் போகிறது.

தமிழிலும் இதே ஆறு ஓடியது. 'அவர்' என்பது பலரைக் குறித்த சொல். 'வந்தார்' பலர்பால் வினைமுற்று. ஒருவர்க்கு உயர்வு கருதி அவற்றை வழங்கியபின், உண்மையான பன்மைக்கு வேறு அடையாளம் தேவைப்பட்டது. தொல்காப்பியர் அஃறிணைப் பெயர்க்குரியதாகச் சொன்ன 'கள்' உயர்திணையிலும் ஏறி 'அவர்கள்' ஆயிற்று. வினையிலும் ஏறி 'வந்தார்கள்' ஆயிற்று. பின்னர் 'அவர்கள்' என்பதும் ஒருவர்க்கே மரியாதையாகிவிட்டது. அழைப்பிதழ்களில் தலைவரின் பெயர்க்குப் பின் அதை நாம் நாள்தோறும் அச்சிடுகிறோம்.

ஆங்கிலத்தில் 'யூ' ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானபோது மக்கள் வாளா இருக்கவில்லை. பெயர் காட்டாத எண்ணை வினையால் காட்டலாம் என்று கண்டனர். பலரை நோக்கி 'யூ வேர்' என்றும், ஒருவரை நோக்கி 'யூ வாஸ்' என்றும் பேசத் தொடங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டில் படித்தோரும் அவ்வாறே எழுதினர். தெளிவு தரும் எளிய ஏற்பாடு இது. ஒருமைப் பொருளுக்கு ஒருமை வினை. எழுவாயும் வினையும் பொருளால் இயைந்தன.

1762-இல் ராபர்ட் லௌத் ஆங்கில இலக்கணச் சிறுநூல் ஒன்றைப் பெயர் குறிக்காமல் வெளியிட்டார். எபிரேயக் கவிதையில் துறைபோகியவர்; பிற்காலத்தில் லண்டன் மறைமாவட்டத்தின் ஆயரானவர். 'யூ வாஸ்' பெரும்பிழை என்று அந்நூலின் அடிக்குறிப்பில் அவர் கடிந்தார்; முதல்வரிசை எழுத்தாளர்களே இதில் தவறியிருக்கிறார்கள் என்று மேற்கோள்களும் காட்டினார். அவருடைய வாதம் எளியது: 'யூ' பன்மைப் பெயர், ஆகவே பொருள் ஒருமையாயினும் வினை பன்மையாக வேண்டும். இலத்தீன் கற்ற எவர்க்கும் அது இயல்பான வாதம். பதினாறாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்துச் சிறுவர் மனப்பாடம் செய்த லில்லியின் இலத்தீன் இலக்கணத்தில் மூன்று இயைபுகள் கூறப்பட்டன. எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு அவற்றுள் முதலாவது. இலத்தீன் வினை தமிழ் வினையைப் போல ஆறு இடத்திற்கும் ஆறு ஈறு கொண்டது. அந்த மொழிக்கென வகுத்த விதியை, ஓரிரு ஈறுகளே மிஞ்சிய மொழியின்மேல் இலக்கணிகள் சாத்தினர்.

அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 'யூ வாஸ்' வடிவத்திற்குப் பரிந்து பேசினார். மக்கள் அவ்வாறு பேசுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆயினும் வென்றது லௌத்தின் அடிக்குறிப்பே. 1795-இல் யார்க் நகருக்கு அருகில் வாழ்ந்த லிண்ட்லி மரே என்பவர் பள்ளி இலக்கணம் ஒன்றை எழுதினார். அமெரிக்காவில் பிறந்து, நியூயார்க்கில் வழக்குரைஞராக இருந்து, 1784-இல் இங்கிலாந்தில் குடியேறியவர். குவேக்கர் பெண்கள் பள்ளி ஒன்றின் தேவைக்காக எழுந்த அந்நூல் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பல பதிப்புகள் கண்டது. அதன் தொடரியலில் முதல் விதியே வினை தன் எழுவாயோடு எண்ணிலும் இடத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்பது. 'யூ வாஸ்' அதன்பின் படிக்காதவர் பேச்சின் அடையாளமாகச் சுருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள் ஒரு பாத்திரத்தை ஏழை என்று காட்ட அதை அப்பாத்திரத்தின் வாயில் வைத்தால் போதும்.

எம் கருத்தில் இது ஓர் இழப்பு. ஒருவர், பலர் என்ற வேறுபாட்டை ஆங்கிலம் மீண்டும் பெறும் தறுவாயில் இருந்தபோது, முறைமை அதைத் தடுத்துவிட்டது. அதன் விளைவாகத் தென் அமெரிக்க மாநிலங்களில் 'யால்' என்றும், அயர்லாந்திலும் வேறு சில இடங்களிலும் 'யூஸ்' என்றும் மக்கள் தாமே பன்மைச் சொல் படைத்துக்கொண்டனர். அவையும் இன்றுவரை பள்ளிக்கு வெளியேதான் நிற்கின்றன.

எண் ஒருமையா பன்மையா என்பது மரியாதையைத் தாண்டி நாட்டின் வடிவத்தையே தொட்ட நிகழ்வும் உண்டு. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு, இராசத்துரோகத்தை வரையறுக்கும் இடத்தில் ஐக்கிய மாநிலங்களை 'அவை' என்னும் பன்மைப் பதிலிப்பெயரால் சுட்டுகிறது. பல நாடுகள் கூடிய கூட்டு என்ற உணர்வு அச்சொல்லில் இருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர், மாநிலங்கள் பிரிந்து போகலாமா என்பதற்காக நடந்த போர். போருக்கு முன் 'ஐக்கிய மாநிலங்கள் ஆர்', போருக்குப் பின் 'ஐக்கிய மாநிலங்கள் இஸ்' என்று அமெரிக்கர் பெருமையாகச் சொல்வதுண்டு. கேட்க இனிமையானது, ஆவணங்கள் அவ்வளவு விரைந்து ஒத்துழைக்கவில்லை. அடிமைமுறையை ஒழித்து, போர் முடிந்த அதே 1865-இல் ஏற்கப்பட்ட பதின்மூன்றாம் திருத்தம் இன்னும் பன்மையிலேயே பேசுகிறது. மூன்றாண்டு கழித்து வந்த பதினான்காம் திருத்தம் ஒருமை, பன்மை இரண்டையும் காட்டாத பழஞ்சொல் ஒன்றால் அவ்விடத்தைக் கடந்துவிடுகிறது. வரைந்தவர்கள் அதைக் கருதியே செய்தார்களோ, இல்லையோ, அந்நாளைய நிலைக்கு அது பொருத்தமாயிருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் பன்மை வழக்கு அந்நூற்றாண்டின் இறுதிவரை மேலோங்கியிருந்தது. 1901-இல் முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜான் பாஸ்டர், 'இஸ்' என்பதா 'ஆர்' என்பதா என்னும் வினாவை நியூயார்க் டைம்ஸ் இதழில் ஆராய்ந்து ஒருமைக்குச் சான்று திரட்டினார். அடுத்த ஆண்டு மக்கள் அவையின் சட்டத் திருத்தக் குழு ஒருமையே கொள்ளத்தக்கது என்று முடிவு செய்தது. சாத்திரத்தில் தீர்க்க முடியாத ஓர் இயைபு, போரில் முடிவாகி, நாற்பது ஆண்டு கழித்து இலக்கணத்தில் பதிவாயிற்று.

நம் மண்ணிலும் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் பெயரால் பன்மை, ஆட்சியால் ஒன்று. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896 முதல் இணைந்து நின்ற கூட்டு மலாய் மாநிலங்களும் அத்தகையனவே. பெயரைக் கண்டு வினையைத் தேர்வதா, பொருளைக் கண்டு தேர்வதா என்ற தடுமாற்றம் அங்கும் பதுங்கியிருந்தது. 'குழு', 'அரசு', 'அணி' போன்ற தொகுதிப் பெயர்களுக்கு பிரிட்டானியர் உறுப்பினரை எண்ணிப் பன்மை வினை கொடுப்பதும், அமெரிக்கர் அமைப்பை எண்ணி ஒருமை வினை கொடுப்பதும் இத்தடுமாற்றத்தின் எச்சமே. தமிழ் இங்கே ஐயமின்றி 'குழு முடிவு செய்தது' என்கிறது.

1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியும், 1823-இல் பின்னர் ராஃபிள்ஸ் கல்விநிலையம் ஆன சிங்கப்பூர்க் கல்விநிலையமும் தோன்றியபோது, லௌத்தும் மரேயும் விதித்த ஆங்கிலம் முடிந்த முடிபாக இங்கு வந்து இறங்கியது. அது கடந்து வந்த பாதை உடன்வரவில்லை. மலாயில் நானும் நீயும் அவரும் செய்யும் செயலுக்கு வினை ஒன்றே. சீன மொழிகளிலும் அவ்வாறே. இம்மொழிகளைப் பேசுவோர் ஆங்கிலத்தை எடுத்தாண்டபோது 'எஸ்' உதிர்ந்தது. நார்விச்சில் நிகழ்ந்தது போன்றே இங்கும் நிகழ்ந்தது. 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. உலக வணிகத்தை நம்பிய சிறுநாட்டுக்கு அது வேண்டியதே. அவ்வாங்கிலத்தை நம் பிள்ளைகள் பிழையின்றி எழுதக் கற்றே ஆக வேண்டும். வேலையும் மேற்படிப்பும் அதைக் கேட்கின்றன. ஆனால் 'எஸ்' விட்டவர் சிந்திக்கத் தெரியாதவர் என்ற எண்ணத்திற்கு மொழி வரலாற்றில் எவ்வித ஆதாரமும் இல்லை.

தமிழாசிரியர்க்கு இவ்வரலாறு வேறு காரணத்தாலும் பயன்படும். 'யானை வந்தது', 'யானை வந்தன' என்று உரையாசிரியர்கள் காட்டுவர். பெயர் எண் காட்டாது. அதனால் அதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றனர். எண்ணை வினையே காட்டிற்று. இன்று நம் மாணவர் 'யானைகள் வந்தது' என்று எழுதுகின்றனர். 'கள்' பெயரிலே ஏறிவிட்டபின் வினையின் 'அன' ஈறு அவர்க்கு மிகையாகத் தோன்றுகிறது. பேச்சில் பெரியோரும் அவ்வாறே பேசுகின்றனர். எண்ணைச் சுமந்த வினை அச்சுமையைப் பெயரிடம் கொடுத்துவிட்டுத் தான் இளைப்பது ஆங்கிலத்தில் நிகழ்ந்த அதே மாற்றம். மலையாளத்தில் இம்மாற்றம் முற்றுப்பெற்றுவிட்டது. 'ஞான் வந்நு', 'அவன் வந்நு', 'அவர் வந்நு' என ஒரே வினை எல்லா எழுவாய்க்கும் நிற்கிறது. அதனால் மலையாளிகள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதில் குறை ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

எழுத்துத் தமிழில் 'யானைகள் வந்தன' என்பதையே நாம் கற்பிக்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. நம்மிடம் இன்னும் உயிரோடிருக்கும் ஈறு அது. செய்தித்தாளும் நூலும் பாடநூலும் அதைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் ஏட்டைத் திருத்தும்போது, மாணவர் எழுதிய 'வந்தது' என்பதை அடித்துவிட்டு மேலே 'வந்தன' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், முன்னர் யானை என்ற பெயர் எண் காட்டாததால் வினை அதைக் காட்ட வேண்டியிருந்தது என்பதை ஒருமுறை வகுப்பில் விளக்கிச் சொல்லலாம். அவ்வகுப்பிலேயே ஆங்கிலத்தின் 'ஷீப்' என்ற சொல்லையும் கரும்பலகையில் எழுதலாம். ஓர் ஆடாயினும் ஒரு மந்தையாயினும் அப்பெயர் மாறுவதில்லை. 'இஸ்', 'ஆர்' என்னும் வினைகளே அங்கு எண்ணைச் சொல்கின்றன.